கையிருப்புக்குள் ஒரு கூரை

(கட்டடத் தொழில் பயிலும் மாணவர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் கூடியிருந்த சென்னை சாந்தோம் கூட்டமொன்றில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறைந்த பணத்தில் நாமே ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வீடு என்று நான் சொல்வது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஒழுகாத கூரை. ஊரில் அப்பா விட்டுப்போன மூலை நிலத்திலோ, செங்கல்பட்டுப் பக்கம் தவணையில் வாங்கிய மனையிலோ இப்படி ஓர் அறையாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு இங்கே வந்திருக்கும் பலருக்கும் இருக்கும். பணம் சேரட்டும், முழு வீடாகக் கட்டிவிடலாம் என்று தள்ளிப்போட்டுப் போட்டே வயதாகிப் போனவர்களையும் நமக்குத் தெரியும்.

அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன். மட்டமான சாமான் வாங்கினால் வீடு மலிவாகிவிடாது. அளவைச் சிறிதாக வைக்க வேண்டும். கையில் பணம் வர வரக் கட்டம் கட்டமாகக் கட்ட வேண்டும். பின்னால் மாற்றவே முடியாத இடங்களில் மட்டும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் சாதாரண வருமானத்தில் ஒரு நல்ல கூரை கிடைக்கும். கூடவே நான்காவதாக ஒன்று தேவைப்படுகிறது. அது நம் கையில் மட்டும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குப்பத்தில் கற்ற பாடம்

இந்தப் பகுதியில் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டவர்கள் யார் என்று கேட்டால் கிழக்கே நான்கு தெரு நடந்தால் போதும். நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம், டுமிங்குப்பம், சீனிவாசபுரம். இங்குள்ள மீனவர்களின் பாட்டன் பூட்டன்கள் எந்த மேஸ்திரியையும் கூப்பிடாமல் குடிசை போட்டவர்கள். சவுக்குக் கம்பை மணலில் ஆழமாக நட்டு, மூங்கில் பிளந்து கட்டி, தென்னங்கீற்றை அடுக்கடுக்காக வேய்ந்து கயிற்றால் இறுக்குவார்கள். வலை பின்னுகிற கை போட்ட முடிச்சு. அது எளிதில் அவிழாது.

அந்தக் குடிசையின் வடிவத்தைப் பாருங்கள். கூரை நாலு பக்கமும் சரியும். தாழ்வாரம் குனிந்து நுழையும் உயரத்தில் நிற்கும். கடலிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மோதி நிற்கச் சுவர் கிடைக்காது. கூரைமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இன்று புயல் தாங்கும் வீடுகளுக்கான கையேடுகள் இருபக்கச் சரிவைவிட நாலுபக்கச் சரிவு நல்லது என்கின்றன. பட்டறிவு அதை முன்பே கண்டிருந்தது. சாமான் அருகிலேயே கிடைத்தது, கூலி குடும்பத்துக்குள்ளேயே முடிந்தது.

குறைகளும் பெரியவை. கீற்றை ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். ஒரு பொறி விழுந்தால் வரிசையே எரியும். கழிப்பறை கிடையாது. இந்த நிலையை மாற்றத்தான் 1970-ல் குடிசை மாற்று வாரியம் உருவானது. 2021 முதல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். கடலோரக் குப்பங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நெருப்புப் பயம் போனது, அது பெரிய காரியம். ஆனால் மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்தில் ஓர் அறை இழுத்துக்கொள்ளும் சுதந்திரமும் கூடவே போனது. உப்புக் காற்று கம்பியைத் தின்றது. நொச்சிக்குப்பத்தில் அந்தப் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரி வரை போக நேர்ந்தது. கட்டத் தெரிந்த மக்கள், கட்டிக் கொடுத்ததில் குடியிருக்கும் மக்களாக மாறினார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் புத்தகம்

சின்ன வீடு கட்டியவர்களில் உலகமே அறிந்தவர் அமெரிக்காவின் ஹென்றி டேவிட் தோரோ. 1845-ல் மாசசூசெட்ஸில் கான்கார்டு என்ற ஊருக்கு அருகே வால்டன் குளக்கரையில், பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு மர வீடு கட்டினார். ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். எழுத்தாளர்கள் அவரைத் தனிமைக்காகக் கொண்டாடுகிறார்கள். நான் அந்தக் கணக்குக்காகக் கொண்டாடுகிறேன். சுண்ணாம்புக்கட்டிக்குக் கொடுத்த ஒரு சென்ட்டையும் எழுதிவைத்தவர் அவர்.

அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்தால் ஒரு பாடமே கிடைக்கும். ரயில் பாதை வேலை செய்துவந்த ஓர் அயர்லாந்துக்காரரின் பழைய குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். பலகைகளை வெயிலில் போட்டு உலர்த்தி நிமிர்த்தினார். கண்ணாடியோடு இரண்டு ஜன்னல், இரண்டுமே யாரோ பயன்படுத்தியவை, 2 டாலர் 43 சென்ட். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். கோடரி இரவல். சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் ஒரு நாளைக்கு மட்டும் நண்பர்களைக் கூப்பிட்டார். மற்ற வேலை எல்லாம் தானே.

அவர் குடிபோன நாள் ஜூலை 4. அன்று அந்த வீட்டில் பலகை அடித்திருந்தது, கூரை இருந்தது, அவ்வளவுதான். புகைபோக்கி இல்லை, சுவருக்குப் பூச்சு இல்லை. கோடைக்கு அவை தேவைப்படவில்லை. குளிர் வருவதற்கு முன் புகைபோக்கியைக் கட்டினார், பிறகு பூசினார். எது இன்று வேண்டும், எது நாலு மாதம் கழித்து வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் அந்தச் சின்னத் தொகை போதுமானதாக இருந்தது. நம் ஊரில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் வட்டிக்கு வாங்குகிறோம். பூசாத சுவரோடு பால் காய்ச்சினால் ஒரு குறையும் வந்துவிடாது. கடனில்லாத வீட்டில் முதல் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வரியும் உண்டு. நிலத்துக்கு ஒரு காசும் இல்லை. நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரும்பாக்கம் காட்டிய வழி

கட்டம் கட்டமாகக் கட்டுவது என்றால் அமெரிக்கா வரை போக வேண்டாம். சென்னையிலேயே இருக்கும் அரும்பாக்கம் பற்றிச் சொல்லிவிடலாம். 1977-ல் உலக வங்கியின் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. மனை பிரித்து, சாலை போட்டு, தண்ணீரும் சாக்கடையும் விளக்கும் கொடுத்தது. ஏழைகளுக்கான சிறிய மனைகளும் வசதியுள்ளவர்களுக்கான பெரிய மனைகளும் ஒரே இடத்தில் அமைந்தன. பெரிய மனை விற்ற பணம் சிறிய மனையின் விலையைக் குறைத்தது. மேற்கொண்டு கட்டுவது அவரவர் பாடு.

முதலில் ஓர் அறை. மூத்தவனுக்கு வேலை கிடைத்ததும் இன்னொன்று. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு மாடி. கீழே ஒரு கடை, மேலே ஒரு வாடகைக் குடித்தனம். அந்தக் காலத்தில் இந்தத் திட்டத்தைத் தோல்வி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மனைகள் மெதுவாக நிரம்பின, ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்த ஆய்வாளர்கள், பல வருமானப் பிரிவினரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். சிலி நாட்டின் இகீகே நகரில் 2004-ல் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா 93 குடும்பங்களுக்குப் பாதி வீடு கட்டிக் கொடுத்து, மீதிப் பாதியை அவர்களே கட்டிக்கொள்ள இடம் விட்டார். உலகமே பாராட்டியது. அதே எண்ணம் நம் அரும்பாக்கத்தில் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே வேர்விட்டிருந்தது.

ஆகவே உங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையைப் போடும்போதே அடுத்த அறை எந்தப் பக்கம் வரும் என்று முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பக்கச் சுவரில் வாசல் அளவுக்கு லிண்டல் போட்டு, கீழே செங்கல்லால் அடைத்து வையுங்கள். நாளைக்குச் சுவரை உடைக்காமல் கதவு வைக்கலாம். மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் கடைக்கால் இன்றே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடைக்காலை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ள முடியாது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்

மிச்சம் பிடிக்கும் கலையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். வீட்டுக்கு வேண்டிய சாமான் ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தை வாழ்நாள் முழுவதும் கொள்கையாகக் கொண்டவர். திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் ஒரு பாறைச் சரிவில் தன் சொந்த வீட்டைக் கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். அவர் கைவண்ணத்தைப் பார்க்க நீங்கள் கேரளா போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நம் செங்கல் சுமார் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குலக் கனம். வழக்கமாகப் படுக்கவைத்துக் கட்டுவோம். பேக்கர் முறையில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்துகிறோம். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே 3 அங்குல இடைவெளி. அடுத்து ஒரு செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி இரண்டு பக்கத்தையும் பிணைக்கிறோம். இப்போது கணக்குப் போடுங்கள். ஓர் அடி நீளம், 4½ அங்குல உயரம், 9 அங்குலக் கனமுள்ள சுவர்த்துண்டு மூன்றே செங்கல்லில் முடிந்துவிட்டது. அதே துண்டை வழக்கமான முறையில் கட்டினால் நான்கு செங்கல் போகும். நம் அறையின் நான்கு சுவருக்கும், 9 அடி உயரத்தில், கதவு ஜன்னல் போக, சுமார் 3,500 செங்கல் பிடிக்கும். எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழ 900 மிச்சம். கலவையும் குறையும். நடுவில் இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நுழைந்தால் வித்தியாசம் தெரியும்.

இதற்கு ஒரே அளவான, முனை உடையாத செங்கல் வேண்டும். இரண்டு பக்கமும் தெரிகிற வேலை என்பதால் கொத்தனார் பொறுமைக்காரராக இருக்க வேண்டும். நன்றாகக் கட்டினால் வெளிப்பூச்சே வேண்டாம்.

அடுத்த மிச்சம் பழைய சாமான். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே இருந்த தேக்கு நிலை, கதவு, கம்பி வைத்த ஜன்னல் எல்லாம் இடிசாமான் கடைக்கு வருகின்றன. புது மரக் கதவின் விலையில் ஒரு பகுதிக்கே, நூறு ஆண்டு காய்ந்து முறுகிய தேக்குக் கிடைக்கும். ஆணி குத்திய இடத்தைக் கத்தி முனையால் கீறிப் பார்த்து, கரையான் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கதவை வாங்கிய பிறகு சுவரில் வாசல் அளவை முடிவு செய்யுங்கள்.

மண்கல்லைப் பற்றியும் கேட்பீர்கள். ஆரோவில் பூமி நிறுவனம் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, சூளையில் சுடாமல், இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் மண்கல் அருமையானது. ஆனால் அது மண்ணைப் பொறுத்தது. சாந்தோமில் தோண்டினால் வருவது கடல் மணல், அதில் கல் பிடிக்காது. திண்டிவனத்துச் செம்மண் நிலத்தில் கட்டுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். சாமானை ஊர் சொல்ல வேண்டும்.

எங்கே குறைக்கவே கூடாது

கடலோரத்தில் கட்டுகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய மாடிப்படிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தளத்தின் அடியில் முதலில் ஒரு பழுப்புக் கோடு தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கோட்டின் மேல் பூச்சு உப்பும். பிறகு ஒரு நாள் கான்கிரீட் பொத்தென்று விழுந்து, உள்ளே இருக்கும் கம்பி பொருக்குப் பொருக்காக உரிந்து தெரியும். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பெருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உப்பு வேலையைத் துரிதப்படுத்தும்.

இதைத் தடுக்க விதி இருக்கிறது. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி, கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கடல்நீர்த் தூவல் நேராகப் படும் இடத்தில் 50 மில்லிமீட்டர். இந்த மூடலைத்தான் கவர் என்கிறோம். உள்நாட்டில் பழகிய சென்ட்ரிங் ஆள் 20 மில்லிமீட்டர் கவர் கட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவார். கான்கிரீட் போடும் அன்று காலையில் நீங்களே அளந்து பாருங்கள். அரை மணி நேர வேலை, முப்பது ஆண்டு பலன். கலவைக்கு உப்பான போர் தண்ணீர் வேண்டாம். கடல் மணல் அறவே வேண்டாம்.

கம்பியே இல்லாமல் கட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இங்கே நூறாண்டைத் தாண்டி நிற்கும் வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெர்ரஸ் தளத்தைக் காணலாம். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டது. துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. சின்ன அறைக்கு மங்களூர் ஓட்டுக் கூரையும் நல்ல தீர்வு. ஓடு உடைந்தால் ஓர் ஓட்டை மாற்றினால் போயிற்று.

இரண்டாவது, காற்று. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் எப்படிப் பறந்தன என்று பார்த்தோம். புயல் காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சி எடுக்கத்தான் பார்க்கும். ஆகவே ஓடோ தகரமோ சட்டத்தோடும், சட்டம் சுவரோடும், சுவர் கடைக்காலோடும் இறுகப் பிணைந்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை வீண். ஜே போல்ட்டும் இரும்புப் பட்டையும் பெரிய செலவு இல்லை.

மூன்றாவது, அடி. மாம்பலம் பக்கம் முன்பு நெட்டேரி என்ற ஏரி இருந்த நிலத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே ஆழமில்லாத கடைக்கால் போட்டால் சுவர் விரியும். அத்தகைய நிலத்துக்குக் குட்டையான அடிவிரிந்த பைல் போடும் முறை இருக்கிறது. நிலத்தைப் பார்க்காமல் யார் சொன்ன அளவையும் நம்ப வேண்டாம். இந்த ஓர் இடத்தில் பொறியாளருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

உங்கள் கையால்

கட்டடச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலி. அதில் எதை நாமே செய்யலாம்? மனையைச் சுத்தம் செய்வது, மண் தோண்டுவது, செங்கல் நனைப்பது, சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் ஊற்றுவது, வெள்ளை அடிப்பது. தண்ணீர் ஊற்றும் வேலையை யாரும் மதிப்பதில்லை. சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர்தான் உயிர். ஏழு நாளாவது காயவிடாமல் வைத்தால் நீங்கள் கொடுத்த சிமென்ட் பணம் முழுவதும் பலமாக மாறும்.

மூலைமட்டம் பார்ப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து முளை அடியுங்கள். இரண்டு முளைக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால் மூலை நேர்மூலை. பிறகு அறையின் குறுக்கு நூல் இரண்டும் ஒரே நீளமா என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு, ஒரு நூல் கயிறு, நான்கு முளை. கம்பி கட்டுவதையும் மின்சார வேலையையும் மட்டும் அந்தத் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

அனுமதிக்கும் பயப்பட வேண்டாம். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். நம் 120 சதுர அடிக் கூரை மீது ஆண்டுக்குச் சுமார் 15,000 லிட்டர் மழை விழுகிறது. அதை விடாதீர்கள்.

நான்காவது தேவை

இனி அந்த நான்காவது விஷயம். தோரோவின் கணக்கில் இல்லாத வரி நிலம். அரும்பாக்கத்தில் மக்கள் தாமே கட்டி முடித்ததற்குக் காரணம், காலடி நிலம் அவர்கள் பெயரில் இருந்தது, சாக்கடையும் தண்ணீரும் வாசலில் இருந்தன. குப்பத்து மக்களிடம் கட்டும் திறமை எப்போதும் இருந்தது, நிலத்தின் மேல் உரிமைதான் உறுதியாக இருந்ததில்லை. உரிமை இல்லாத இடத்தில் யாரும் செங்கல் வைக்கமாட்டார்கள், கீற்றுதான் வைப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொண்டு போகலாம் அல்லவா?

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் கிராமப்புறத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. சொந்த மனையில் குடும்பமே முன்னின்று கட்டிக்கொள்ள அது இடம் தருகிறது. வரவேற்கிறேன். நகரத்து ஏழைக்கும் அந்த மரியாதை வேண்டும். தொலைதூரத்தில் எட்டாவது மாடியில் ஒரு கதவெண் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. பஸ்ஸும் வேலையும் இருக்கும் இடத்தில் பட்டாவோடு ஒரு சிறு மனை, தண்ணீர், சாக்கடை. இவற்றை அரசு கொடுக்கட்டும். 1977-ல் செய்து காட்டியது இதே சென்னைதான்.

பொறியியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் அறை கட்டும் குடும்பத்துக்குக் கட்டணம் வாங்காமல் கவர் அளந்து கொடுங்கள், கடைக்கால் மண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கட்ட நினைக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவே ஒரு நோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வரைந்து, அடுத்த அறை எந்தப் பக்கம் என்று குறித்து, முதல் செலவை எழுதுங்கள். நிலம் இல்லாதவர்களோடு சேர்ந்து நாம் எல்லோரும் அந்த நிலத்தைக் கேட்போம். கட்டத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் இது. மிச்சத்தை மக்களே கட்டிக்கொள்வார்கள்.